உதவி தேவை: பி.எஃப் ஷெட்யூலர் போட்டால் மட்டும் த்ரூபுட் பூஜ்யம்

மூன்றாம்பெஞ்ச், இரவு 9:14
வணக்கம். எல்டிஇ (4ஜி) டவுன்லிங்க் ஷெட்யூலர்கள், அதாவது டவர் எந்த யூசருக்கு எப்போது டேட்டா அனுப்புவது என்று முடிவெடுக்கும் முறைகள், மூன்றை ஒப்பிடுவதுதான் எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட். ஆளுக்கொரு முறை சுற்றிக் கொடுக்கும் ரவுண்ட் ராபின் வேலை செய்கிறது. சேனல் தரக் குறியீடு (சிக்யூஐ) அதிகம் உள்ளவருக்கே கொடுக்கும் மேக்ஸ் சிக்யூஐ வேலை செய்கிறது. புரொபோர்ஷனல் ஃபேர் (பி.எஃப்) போட்டால் மட்டும் த்ரூபுட் (கிடைக்கும் டேட்டா வேகம்) பூஜ்யம். ஃபார்முலாவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், புத்தகத்தில் உள்ளபடிதான் இருக்கிறது. நாளை ரிவ்யூ. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

கூரைஆன்டெனா, இரவு 9:21
எதில் எழுதியிருக்கிறீர்கள்? மேட்லாபா, பைத்தானா, என்எஸ்-3ஆ? எத்தனை யூசர், செல் (ஒரு டவரின் பரப்பு) ஆரம் எவ்வளவு, பேண்ட்விட்த் எவ்வளவு? முக்கியமாக, பூஜ்யம் யாருக்கு? செல் ஓரத்தில் இருப்பவருக்கா, எல்லோருக்குமா? இரண்டும் வேறு வேறு நோய்.

ரீயூஸ்ஒன்று, இரவு 9:30
இது ஷெட்யூலர் பிரச்சினையே இல்லை, இன்டர்ஃபியரன்ஸ். எல்டிஇயில் எல்லா செல்லும் ஒரே அலைவரிசையில்தான் ஒலிபரப்புகின்றன. ஓரத்துக்குப் போனால் நம் செல்லும் பக்கத்து செல்லும் கிட்டத்தட்ட ஒரே பலத்தில் காதில் விழும், எஸ்ஐஎன்ஆர் (குறுக்கீடு, இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு பலம் என்ற விகிதம்) 0 டிபிக்குக் கீழே இறங்கிவிடும். ஃபிராக்‌ஷனல் ரீயூஸ் போடுங்கள். நடுவில் இருப்பவர்களுக்கு முழு பேண்டைத் திறந்துவிட்டு, ஓரத்துக்கு மட்டும் பேண்டை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு பங்கு. எந்த ஷெட்யூலர் போட்டாலும் ஓரத்தில் இருப்பவர் பிழைத்துக்கொள்வார்.

சிக்னல்சித்தர், இரவு 9:42
"நாளை ரிவ்யூ" என்று இன்று இரவு வருகிறவர்களுக்கென்றே தனிப் பகுதி ஒன்று திறக்கலாம். ஷெட்யூலர் என்று தேடினால் பழைய இழைகள் பத்துப் பதினைந்தாவது வரும். அதற்கும் நேரமில்லை போலிருக்கிறது.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். பி.எஃப் என்பது ஒவ்வொரு யூசரின் சராசரி வேகத்துக்கும் லாக் எடுத்து, அந்தக் கூட்டுத்தொகையை உச்சத்துக்குக் கொண்டுபோகும் முறை. 1998இல் கெல்லி குழுவினர் எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும். பூஜ்யத்தின் லாக் மைனஸ் இன்ஃபினிட்டி. எனவே ஏதாவது வேகம் வாங்கக்கூடிய யாரையும் பி.எஃப் பட்டினி போடாது. உங்களுக்கு வந்திருப்பது பி.எஃப்பின் விளைவே அல்ல, உங்கள் கோடின் விளைவு.

ஜன்னல்_ஆயிரம், இரவு 9:50
சராசரி எடுக்கும் ஜன்னல் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலும் அங்கேதான் தவறு இருக்கும். 1 வைத்தால் பழைய கணக்கு எதுவும் நிற்காது. 1000 டிடிஐ (ஷெட்யூலர் ஒரு முறை முடிவெடுக்கும் 1 மில்லிநொடி இடைவெளி), அதாவது ஒரு நொடி, வைத்துப் பாருங்கள். எனக்கு அதில்தான் எல்லாம் சரியாக வந்தது.

மழைக்காலம், இரவு 9:53
ஃபேடிங் வைத்திருக்கிறீர்களா? சேனல் ஆடவே இல்லையென்றால் பி.எஃப்பும் ரவுண்ட் ராபினும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆளுக்குச் சம நேரம். ஒப்பிட்டுக் காட்ட ஒன்றும் இருக்காது. கேள்விக்கு இது பதில் இல்லை, ரிவ்யூவில் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

பழையபிளானர், இரவு 10:02
ரீயூஸ்ஒன்று, "ஃபிராக்‌ஷனல் ரீயூஸ் போடுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஜிஎஸ்எம்மில் (2ஜி) வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். நம் நாட்டில் தொடக்கத்தில் கையில் கொடுத்தது 4.4 மெகாஹெர்ட்ஸ். 200 கிலோஹெர்ட்ஸ் கேரியராக வெட்டினால் 22. அதை நான்கு சைட் (டவர்), ஒவ்வொன்றிலும் மூன்றாகப் பன்னிரண்டு செக்டர் என்று சுற்றுக்கு விட்டால் ஒரு செக்டருக்கு இரண்டு கேரியர்கூட முழுதாக வராது.

ஒரு கேரியரில் 8 டைம்ஸ்லாட். ஒன்று கன்ட்ரோலுக்குப் போக 7 பேர் பேசலாம். நூறில் இரண்டு அழைப்பு தடைபடலாம் என்று கணக்கு வைத்தால் எர்லாங் பி அட்டவணைப்படி அது தாங்குவது 2.94 எர்லாங் (ஒரு எர்லாங் என்றால் ஒரு லைன் முழுநேரமும் பிஸி). இரண்டு கேரியர் சேர்த்துக் கொடுத்து, கன்ட்ரோலுக்கு இரண்டு ஸ்லாட் போக 14 வைத்தால் 8.2 எர்லாங். சேனல் இரண்டு மடங்கு, தாங்கும் சுமை ஏறக்குறைய 2.8 மடங்கு. ஒரே குவியலாக வைத்தால்தான் லாபம்.

ரீயூஸ்ஒன்று, இரவு 10:11
சார், நீங்கள் சொல்வது ஸ்லாட் கிடைத்தால் பேசலாம், இல்லையென்றால் பிஸி என்ற காலத்துக் கணக்கு. டேட்டாவில் யாரும் பிஸி ஆவதில்லை, மெதுவாகத்தான் ஆவார்கள். −3 டிபியில் இருப்பவருக்கு ஷானன் கணக்கில் (சேனல் தரக்கூடிய உச்ச வேகம்) ஒரு ஹெர்ட்ஸுக்கு 0.59 பிட். பக்கத்து செல்லை விலக்கி அவரை +6 டிபிக்குக் கொண்டுவந்தால் 2.3 பிட். பேண்டில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுத்தாலும் 0.77. பிரித்தும் அவருக்கு லாபம்தான்.

பழையபிளானர், இரவு 10:19
ஓரத்தில் இருக்கும் அந்த ஒருவருக்கு லாபம். அந்த ஓரத்தில் அன்று யாருமே இல்லையென்றால் ஒதுக்கி வைத்த பங்கு சும்மா கிடக்குமே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? மதியம் ஆபீஸ் பக்கம் கூட்டம், ராத்திரி குடியிருப்புப் பக்கம். உங்கள் 9 டிபி லாபம் தாளில் இருக்கும்.

மூன்றாம்பெஞ்ச், இரவு 10:26
சாரி, சாப்பிடப் போய்விட்டேன். பைத்தான், அதில் நம்பை (கணித லைப்ரரி). 20 யூசர், 20 மெகாஹெர்ட்ஸ், 100 ரிசோர்ஸ் பிளாக் (பேண்டின் துண்டுகள்). ஒரே ஒரு செல்தான், பக்கத்து செல் எதுவும் கிடையாது. ஃபேடிங் இன்னும் போடவில்லை, ஷேடோவிங் (கட்டடம், மரம் மறைப்பதால் வரும் ஏற்ற இறக்கம்) மட்டும் 8 டிபி. எல்லா யூசரும் வீட்டுக்குள், அதற்கு 20 டிபி கழித்திருக்கிறேன். ஜன்னல் 100.

500 மீட்டர் ஆரத்தில் மூன்றுமே நன்றாக வந்தன. கைடு 2 கி.மீ.க்கு மாற்றச் சொன்னார், அதிலிருந்துதான் இப்படி. எல்லா யூசருக்கும் பூஜ்யம், செல் மொத்தமும் பூஜ்யம். 1 கி.மீ. வைத்தால் சில ரேண்டம் சீடுக்கு (குலுக்கலின் தொடக்க எண்) சரியாக வருகிறது, சிலவற்றுக்கு முழுப் பூஜ்யம்.

கூரைஆன்டெனா, இரவு 10:31
ஒரே செல்லா! அப்படியானால் மேலே நடக்கும் சண்டைக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. சீடைப் பொறுத்து மாறுகிறது, ஆரம் கூடக் கூட மோசமாகிறது. யாரோ ஒரு யூசர் செல்லையே பிடித்து நிறுத்துகிறார். சராசரியின் தொடக்க மதிப்பு என்ன? ரன் செய்யும்போது எச்சரிக்கை ஏதாவது வந்ததா?

மூன்றாம்பெஞ்ச், இரவு 10:34
தொடக்கத்தில் எல்லோருக்கும் 0 அண்ணா. எச்சரிக்கைகளை மொத்தமாக அணைத்து வைத்திருக்கிறேன், டெர்மினல் நிறைந்துவிடுகிறது என்று.

பூச்சிமருந்து, இரவு 10:47
கிடைத்துவிட்டது. தம்பி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் 2 கி.மீ. விளிம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பாத் லாஸுக்கு (தூரத்தால் சிக்னல் இழப்பது) வழக்கமான 128.1 + 37.6 லாக் சூத்திரம்தான் போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 2 கி.மீ.யில் அது 139.4 டிபி. 46 டிபிஎம் பவரை 100 பிளாக்குக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 26. ஆன்டெனா கெயின் 15 கூட்டி, பாத் லாஸையும் வீட்டுச் சுவரின் 20ஐயும் கழித்தால் −118.4 டிபிஎம். ஒரு பிளாக் 180 கிலோஹெர்ட்ஸ், நாய்ஸ் ஃபிகர் (ரிசீவர் தானே கூட்டும் இரைச்சல்) 9 என்றால் நாய்ஸ் −112.4. ஆக எஸ்என்ஆர் −6 டிபி. சிக்யூஐயில் அடிமட்டமான 1 வாங்கவே −6, −7 பக்கம் வேண்டும். மேலே 8 டிபி ஷேடோவிங். 20 பேரில் சிலருக்கு சிக்யூஐ 0 கட்டாயம் வரும், அவர்கள் வேகம் 0. 500 மீட்டரில் இதே கணக்கு +16 டிபிக்கு மேல் நிற்கும், அதனால் தப்பித்தீர்கள். 1 கி.மீ. இரண்டும்கெட்டான், சீடைப் பொறுத்தது.

இப்போது பி.எஃப் மெட்ரிக்: இந்தக் கணத்து வேகம் வகுத்தல் சராசரி வேகம். முதல் டிடிஐயில் எல்லோருடைய சராசரியும் 0. நல்ல சேனல் உள்ளவருக்கு ஏதோ ஒன்று வகுத்தல் 0, நம்பை அதை இன்ஃபினிட்டி என்று வைக்கும். அது பரவாயில்லை, ஒவ்வொருவராகத் தேர்வாகி ஒரு சராசரி பெற்றுவிடுவார்கள். சிக்யூஐ 0 ஆளுக்கு 0 வகுத்தல் 0. அது எண்ணே அல்ல, நேன். மிகப் பெரியதைத் தேர்ந்தெடுக்கும் நம்பையின் ஆர்க்மேக்ஸ், வரிசையில் நேன் இருந்தால் அதையே பெரியது என்று எடுத்துக்கொடுக்கும். 100 பிளாக்கும் அவருக்கே போகும். அவர் வேகம் 0, எனவே சராசரி 0ஆகவே நிற்கும், அடுத்த டிடிஐயிலும் நேன் அவர்தான். ரேஷன் கடை வரிசையில் கார்டு இல்லாத ஆள் முதலில் நின்றுகொண்டு நகர மறுப்பது போல.

மேட்லாபில் மேக்ஸ் நேனைத் தாண்டிப் போய்விடும். அதனால் இதே கோடை அங்கே எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது.

செய்ய வேண்டியது: சராசரியை 0க்குப் பதில் மிகச் சிறிய நேர்மதிப்பில் தொடங்குங்கள். வேகம் 0 உள்ளவரைத் தேர்வுக்கு முன்பே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நேனைத் தவிர்க்கும் நேன்ஆர்க்மேக்ஸ் போட்டும் ஓட்டலாம், ஆனால் காரணம் மறைந்துவிடும். எச்சரிக்கையைத் திரும்பப் போடுங்கள், "இன்வேலிட் வேல்யூ" என்று அது கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்.

சிக்னல்சித்தர், இரவு 10:55
கோடின் விளைவு என்று 9:42க்கே சொன்னேன்.

பூச்சிமருந்து, இரவு 10:58
எந்த வரி என்று சொல்லவில்லையே சித்தரே.

ஜன்னல்_ஆயிரம், இரவு 11:03
ஆனாலும் ஜன்னலை 1000 ஆக்குவது நல்லது. 100 மிகக் குறைவு.

ரீயூஸ்ஒன்று, இரவு 11:05
பழையபிளானர் சார், ஓரத்தில் யாரும் இல்லாதபோது பங்கு சும்மா கிடக்கும் என்பது நிலையான ஒதுக்கீட்டுக்குத்தான். பேஸ் ஸ்டேஷன்கள் எக்ஸ்2 (அவற்றுக்கு இடையிலான இணைப்பு) வழியாக ஒன்றுக்கொன்று சொல்லி மாற்றிக்கொள்ள எல்டிஇயின் முதல் பதிப்பான ரிலீஸ் 8இலேயே வழி வைத்துவிட்டார்கள்.

பழையபிளானர், இரவு 11:12
வழி வைத்தார்கள். எத்தனை இடத்தில் ஆன் செய்தார்கள் என்று கேளுங்கள். அண்டை செல் பட்டியலே ஒழுங்காக இல்லாத நெட்வொர்க்கில் அவை என்ன பேசிக்கொள்ளும்?

மூன்றாம்பெஞ்ச், இரவு 11:31
வந்துவிட்டது!! 2 கி.மீ.யிலும் ஓடுகிறது. பூச்சிமருந்து அண்ணா, கூரைஆன்டெனா அண்ணா, ரொம்ப நன்றி. பிபிடி வேலை இருக்கிறது, போகிறேன்.

கூரைஆன்டெனா, இரவு 11:36
மகிழ்ச்சி. போவதற்குள் ஒன்று. ரிவ்யூவில் ஜெயின் ஃபேர்னெஸ் குறியீடு (எல்லோருக்கும் சமமென்றால் 1) காட்டுவீர்கள் அல்லவா? நீக்கிய யூசர்களை அதில் சேர்த்தீர்களா, விட்டுவிட்டீர்களா? 20 பேரில் 5 பேருக்கு 0, மீதி 15 பேருக்கும் ஒரே வேகம் என்று வையுங்கள். எல்லோரையும் சேர்த்தால் 0.75, ஐந்து பேரை விட்டால் 1. ரவுண்ட் ராபினுக்கு எல்லோரையும் சேர்த்து, பி.எஃப்புக்கு மட்டும் விட்டுவிட்டு எடுத்தால் பி.எஃப் சும்மாவே ஜெயித்ததாகத் தெரியும். எப்படி எடுத்திருக்கிறீர்கள்?

மழைக்காலம், காலை 7:48
ஆளைக் காணோம். ரிவ்யூவுக்குப் போயிருப்பார்.