அரசு அலுவலகத்தில் சைகைமொழி பெயர்ப்பாளர்: வழி தெரிந்தவர்கள் உதவவும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பிறவியிலேயே காது கேளாத என் தம்பி, வாரிசுச் சான்றிதழுக்காக ஓர் அரசு அலுவலகத்துக்கு மூன்று முறை சென்றும், எந்த ஆவணம் குறைகிறது என்பதே புரியாமல் திரும்பி வந்தான். ஒவ்வொரு முறையும் தாளில் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே ஊழியர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால், தனக்கென இலக்கணம் உடைய சைகைமொழியில் வளர்ந்த ஒருவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழிதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. (அலுவலகத் தமிழ் நமக்கே புரிவதில்லை என்பது வேறு விஷயம்.)

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொடர்பு என்பதன் வரையறைக்குள் சைகைகளையும் சேர்த்திருப்பதோடு, சேவை வழங்குவோர் அரசாயினும் தனியாராயினும் அணுகல் விதிகளை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் சேவையைத் தடையின்றிப் பெறுவதற்கான விதிகளை, பின்பற்ற வேண்டும் என்கிறது. இதை மேற்கோள் காட்டி, தம்பிக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு மனு எழுத விரும்புகிறேன்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ பெயர்ப்பாளரை வரவழைத்த அனுபவம் உங்களில் யாருக்கேனும் உண்டா? அவருக்கான கட்டணத்தை எந்தத் துறை ஏற்றது? நேரில் வர ஆள் கிடைக்காதபோது காணொளி அழைப்பு வழியாகப் பெயர்ப்பதை அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்களா? நானே உடன் சென்று பெயர்க்கலாம்தான். ஆனால், சொத்து விவகாரத்தில் நானும் ஒரு வாரிசு என்பதால், அவன் சொல்வதை என் வாய்வழியாக அதிகாரி கேட்பது முறையன்று. மனுவின் மாதிரி வைத்திருப்பவர்கள், தனிப்பட்ட விவரங்களை நீக்கிவிட்டு இங்கேயே பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.