எத்தனை ஆர்க்யுமென்ட் வந்தாலும் வாங்கிக் கடத்தும் ஃபங்ஷன்: உங்கள் அனுபவம்?

எபேனிலிருந்து:

இங்கே மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்கு இரண்டு நாள் இருந்தது, நான் விரதத்தில் இருந்தேன். பழைய சி நிரல் ஒன்றை 32 பிட் சர்வரிலிருந்து 64 பிட் லினக்ஸுக்கு மாற்றும் வேலை. அதில் ஒரு லாக் ஃபங்ஷன், அதாவது நடப்பதைப் பதிந்துவைக்கும் நிரல் பகுதி, உண்டு. திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃப் மாதிரி எத்தனை ஆர்க்யுமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) கொடுத்தாலும் வாங்கித் திரையில் காட்டும், அப்புறம் அதையே கோப்பிலும் எழுதும். சி மொழியில் மூன்று புள்ளி (எத்தனை ஆர்க்யுமென்ட்டும் வரலாம் என்ற குறி) வழியாக வந்ததை அப்படியே இன்னொரு ஃபங்ஷனிடம் தள்ளிவிட முடியாது. அவற்றை வாசிக்க உதவும் விஏ_லிஸ்ட்டில் பிடித்து, அந்த லிஸ்ட்டை வாங்கி அச்சிடும் விபிரிண்ட்எஃப் வகை ஃபங்ஷனிடம் கொடுக்க வேண்டும். எழுதியவரும் அப்படித்தான் செய்திருந்தார், ஆனால் ஒரே லிஸ்ட்டை இரண்டு முறை கொடுத்திருந்தார்.

பல வருஷம் பிசகாமல் ஓடிய நிரல் அது. புதிய சர்வரில் திரையில் ‘கணக்கு 4512, தொகை 300’ என்று சரியாக வந்தது. கோப்பில் அதே வரியில் கண்டபடி எண்கள். பெயர் அச்சாக வேண்டிய வரியில் நிரலே விழுந்துவிட்டது.

“அண்ணா, கொஞ்சம் பாருங்களேன்” என்று மூத்தவர் ஒருவரைக் கூப்பிட்டேன். “ஒரே லிஸ்ட்டை எத்தனை தடவை வாசிக்கிறாய் தம்பி?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. 32 பிட் இன்டெலில் அந்த லிஸ்ட் வெறும் பாயின்டர் (நினைவக முகவரி), கொடுத்தால் நகல்தான் போகும். 64 பிட் இன்டெல் லினக்ஸில் அது ஸ்ட்ரக்ட் அரே (பல விவரங்கள் சேர்ந்த கட்டமைப்பின் வரிசை), சியில் அரேயைக் கொடுத்தால் நகல் எடுக்காது, அதனால் மூல லிஸ்ட்டே உள்ளே போகிறது. முதல் ஃபங்ஷன் வாசித்து நிறுத்திய இடத்திலிருந்து அடுத்தது தொடங்குகிறது. சி தரத்தின்படி பழைய சர்வரிலும் அது தவறுதான், அங்கே வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். லிஸ்ட்டை நகலெடுக்க 1999 தரத்தில் வந்த விஏ_காப்பி ஒரு வரி, அந்த நகலை முடித்துவைக்க ஒரு விஏ_எண்ட். சரியாகிவிட்டது. காவடியன்று நிம்மதியாகக் கோயிலுக்குப் போனேன்.

குவாத்ர் போர்னிலிருந்து:

எனக்கு பைத்தானில் நடந்தது. விலையையும் எண்ணிக்கையையும் பெருக்கும் ஃபங்ஷன், எண்ணிக்கை கொடுக்காவிட்டால் 1. அதைச் சுற்றி ஒரு டெக்கரேட்டர் (ஒரு ஃபங்ஷனுக்கு உறை போல நிற்கும் இன்னொரு ஃபங்ஷன்) எழுதினேன். வரும் மதிப்புகளை எல்லாம் பிடிக்கும் ஆர்க்ஸுக்கு முன்னால், வாங்கும்போது நட்சத்திரம் போட்டேன், உள்ளே அசல் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது அவற்றைப் பிரித்துக் கொடுக்கும் நட்சத்திரத்தை மறந்துவிட்டேன். 250 ரூபாய்ப் பொருள் 3 என்றால் 750 வர வேண்டும். பில்லில் அடைப்புக்குறியோடு ‘(250, 3)’ என்று வந்தது! இரண்டு மதிப்பும் ஒரே டியூப்பிளாக (மதிப்புகளின் தொகுப்பாக) விலையின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. டியூப்பிளை 1-ஆல் பெருக்கினால் பைத்தான் எரர் காட்டாது, அதே டியூப்பிளைத் திருப்பித் தரும். பாதி நாள் பில் அச்சிடும் பகுதியிலேயே தேடிக்கொண்டிருந்தேன்.

எபேனிலிருந்து:

சியில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. ஜிசிசி கம்பைலரில் இப்படிப்பட்ட லாக் ஃபங்ஷனுக்கு ஃபார்மட் அட்ரிபியூட் என்று ஒரு குறிப்பு கொடுக்கலாம். கொடுத்துவிட்டு எச்சரிக்கைகளை முடுக்கிக் கம்பைல் செய்தால், ஃபார்மட்டுக்கு (எந்த மதிப்பை எப்படி அச்சிடுவது என்று சொல்லும் வரிக்கு) பொருந்தாத ஆர்க்யுமென்ட்களை அப்போதே காட்டிவிடும். ஒரே லிஸ்ட்டை இரண்டு முறை வாசிப்பதை மட்டும் அது பிடிக்காது, அதை நாம்தான் பார்க்க வேண்டும்.