இரும்புக் குண்டு போளையை முந்துவது பாரத்தாலா?

கல்லடித் தச்சன்:
வணக்கம். நான் கல்லடியில் தச்சு வேலை செய்கிறேன், படிப்பு ஓ எல்லோடு நின்றது. போன கிழமை மகனோடு ஒரு வாக்குவாதம். பாரமான குண்டுதான் சரிவில் கெதியாக உருளும் என்கிறான். பாரத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை என்று நான் எங்கேயோ கேட்ட ஞாபகம். வாயால் பேசி என்ன, பட்டறையிலேயே பார்த்துவிடுவோம் என்று இறங்கினோம்.

இரண்டு மீற்றர் தேக்குப் பலகை, ஒரு தலைப்பை 20 சென்ரிமீற்றர் உயர்த்தி வைத்தேன். ஓடும்போது ஒன்றோடொன்று முட்டக்கூடாது என்று 10 மில்லிமீற்றர் அகலத்தில் மூன்று தவாளிப்பு வெட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, மூன்றும் மயிரிழை பிசகாது. ஒன்றில் பெயரிங்கில் கழற்றிய 25 மில்லிமீற்றர் இரும்புக் குண்டு, ஒன்றில் 16 மில்லிமீற்றர் கண்ணாடிப் போளை, மற்றதில் ரேபிள் ரெனிஸ் பந்து. குறுக்கே ஒரு கோலைப் பிடித்துச் சட்டென்று தூக்கினோம்.

குண்டு முதலில் போய் அடிக்கட்டையில் முட்டியது. அந்த நேரம் போளை ஒரு சாண் பின்னால், பந்து ஓர் அடிக்கு மேல் பின்னால். பத்துத் தடவை விட்டோம், பத்திலும் இதே ஒழுங்கு. மகன் சிரிக்கிற சிரிப்பு! யாராவது என் மானத்தைக் காப்பாற்றுங்கள்.

வாவிக்கரையான்:
காற்று அண்ணன், காற்று. பாரம் குறைந்ததைக் காற்று பிடித்து நிறுத்தும். வாவிக் காற்றில் பட்டறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சோதனை செய்தால் இப்படித்தான்.

அக்கரைப்பற்று வாத்தியார்:
தம்பி சொன்ன காற்று பந்துக்குக் கொஞ்சம் பொருந்தும். கண்ணாடிப் போளையைக் காற்று ஒரு சாண் பின்தள்ளாது.

முதலில் பந்தைப் பார்ப்போம். உருளும் பொருள் முன்னால் போகவும் வேண்டும், தன்னைச் சுற்றவும் வேண்டும். உயரத்தால் கிடைத்த சக்தி இரண்டுக்கும் பங்காகிறது. திண்மக் கோளத்தில் 2/7 பங்கு சுற்றுவதற்குப் போய்விடும். உள்ளே வெறுமையான பந்தில் திணிவு முழுவதும் ஓட்டில் இருப்பதால் சுற்றுவதற்கே 2/5 பங்கு போகிறது. தவாளிப்பில்லாத மட்டமான பலகையென்றால் ஆர்முடுகல், அதாவது வேகம் கூடும் வீதம், உராய்வின்றி வழுக்கிப் போகும் பொருளின் ஆர்முடுகலில் திண்மத்துக்கு 5/7, பந்துக்கு 3/5. கணக்கில் திணிவும் ஆரையும் வெட்டுப்பட்டுப் போகும். ஆகவே நீங்கள் சொன்னது சரி, பாரத்துக்கு இதில் வேலை இல்லை.

அப்படியானால் குண்டும் போளையும் சமமாக வந்திருக்க வேண்டும், இல்லையா? வராததற்குக் குற்றவாளி, நீங்கள் பெருமையாக வெட்டிய தவாளிப்புத்தான். போளையின் அடி தவாளிப்புக்குள் இறங்கி, இரண்டு விளிம்பும்தான் அதைத் தாங்குகின்றன. ஆரை 8 மில்லிமீற்றர் என்றாலும் அது 6.2 மில்லிமீற்றர் ஆரையில்தான் உருள்கிறது. மட்டப் பலகையில் மீற்றருக்கு 20 தடவை சுற்ற வேண்டியது, இங்கே 25 தடவைக்கு மேல் சுற்றுகிறது. அந்த மேலதிகச் சுற்றுக்கும் சக்தி அதே உயரத்திலிருந்துதான் வரவேண்டும். குண்டு பெரியது, அவ்வளவு இறங்காது. அதற்குச் சுற்று 13 இலிருந்து 14 ஆகிறது, அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: குண்டு முட்டும் நேரத்தில் போளை 22 சென்ரிமீற்றர் பின்னால் நிற்க வேண்டும். உங்கள் சாண் எவ்வளவு என்று அளந்து பாருங்கள்.

கலிலியோவும் தவாளிப்பில்தான் உருட்டினார். 1638 இல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கிறார்: 12 முழ நீள மரச்சட்டம், ஒரு விரலுக்குச் சற்று அகலமான தவாளிப்பு, அதற்குள் வழவழப்பான தோல்தாள், வெண்கலக் குண்டு. வழிந்த தண்ணீரை நிறுத்துத்தான் நேரம் பார்த்தார். குண்டுகளை ஓடவிட்டுப் பந்தயம் பிடிக்கவில்லை, அதனால் உங்கள் சிக்கல் அவருக்கு வரவில்லை.

பலகையைப் பிரட்டிப் போட்டு விட்டுப் பாருங்கள்.

கல்லடித் தச்சன்:
ஐயா, என் சாண் ஒன்பது அங்குலம். கிட்டத்தட்ட சரியாக வருகிறது!

பிரட்டினேன். மட்டப் பக்கத்தில் குண்டு கோணிப் போனது, மறுகா நீர்மட்டம் வைத்துக் குறுக்குவாட்டைச் சரி பண்ணினேன். ஒரு மயிர் சாய்ந்தாலும் பலகையை விட்டு இறங்கி மரத்தூளுக்குள் போய்விடுகிறது. அப்புறம் எட்டுத் தடவை விட்டதில் ஐந்து தடவை ஒரே "டக்". மற்ற மூன்றில் ஒருக்கால் போளை முன்னால், ஒருக்கால் குண்டு முன்னால், இன்னொன்று மகனின் கை தடுமாறியதால் கணக்கில் இல்லை. பந்து வழக்கம்போலப் பின்னால்.

வாவிக்கரையான்:
அப்ப காற்று?

அக்கரைப்பற்று வாத்தியார்:
பந்தில் இருக்கிறது தம்பி. வெறும் 2.7 கிராம்தானே. கணக்குப்படி மட்டப் பலகையில் பந்து 32 சென்ரிமீற்றர் பின்தங்கும். அண்ணன் அளந்து அதைவிடக் கூட வந்தால் மிச்சம் காற்றின் வேலை.

கல்லடித் தச்சன்:
அளந்தேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைய. மகனிடம் காட்டினேன். "நான் இரும்புதான் வெல்லும் என்றேன், தோற்கவில்லையே" என்கிறான். இப்போது ஒரு ரின்பாலையும் ஒரு வெறும் ரின்னையும் கையில் வைத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறான்.