கில்ட்டின் நீளத்தைக் குறைப்பது எப்படி? அவசரம்

கிளாஸ்கோவாசி
சனிக்கிழமை நண்பன் கல்யாணம், எல்லோரும் கில்ட்டில், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடையில், வரவேண்டுமாம். பழைய துணிக்கடையில் ஒன்று வாங்கினேன், முழங்காலைத் தாண்டி இரண்டு இன்ச் தொங்குகிறது. தையல் மெஷின் இருக்கிறது. அடியில் வெட்டி மடித்து அடித்துவிடலாமா?

ஊசிநூல்
கத்தரியை எடுக்காதீர்கள். முதலில் சொல்லுங்கள், கம்பளியா, பாலியஸ்டர் கலந்ததா? அடியில் மடித்துத் தைத்திருக்கிறதா? எந்த இடத்தில் கட்டிப் பார்த்தீர்கள்?

சின்னக்கத்தரி
ஹெம்மிங் டேப் (சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பட்டை) வைத்து இஸ்திரி போடுங்கள், வேலை முடிந்தது. என் மகளின் பள்ளிப் பாவாடைகளுக்கு எப்போதும் இதுதான், ஒரு தடவைகூடப் பிரிந்ததில்லை.

பழையகை
பாவாடை தைத்த அனுபவத்தோடு கில்ட்டுக்கு யோசனை சொல்ல வராதீர்கள். முறையாகத் தைத்த கம்பளி கில்ட்டுக்கு அடிமடிப்பே கிடையாது, தறியில் நெய்த ஓரமேதான் அடி ஓரம். அதை வெட்டினால் நூல் பிரியும். எட்டு கஜம், கஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள துணியை மடித்தாலோ ஒவ்வொரு ப்ளீட்டின் அடியும் தடித்து, பின்பக்கம் விரிந்து நிற்கும். குறைப்பதென்றால் மேலிருந்துதான். லைனிங், வார், பக்கிள் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். அப்புறம், ப்ளீட்களைச் சேர்த்துத் தைத்திருக்கும் பகுதி இடுப்பை நோக்கிக் குறுகிப் போகும், மேலே இரண்டு இன்ச் எடுத்தால் இடுப்பு பெரிதாகிவிடும். ஒவ்வொரு ப்ளீட்டையும் பிரித்துக் குறுக்கித் தைக்கத் தெரியாதவர் இதைத் தொடவே கூடாது.

ஊசிநூல்
கம்பளி என்றால் அவர் சொல்வது சரி. கலப்புத் துணியில் பெரும்பாலும் அடிமடிப்பு இருக்கும். அதைப் பிரித்து, கையாலேயே தளர்வாக ஹெம்மிங் போட்டு, ப்ளீட்களைப் பெரிய தையலால் பிடித்துவைத்து, ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்யலாம். மெஷின் வேண்டாம், தையல் வெளியே தெரியும்.

மலைக்காற்று
ஜீன்ஸ் போல இடுப்பெலும்பில் கட்டியிருப்பார். கில்ட்டின் மேல்பட்டை தொப்புளுக்கு மேலே நிற்க வேண்டும், அடி ஓரம் முழங்கால் சில்லின் நடுவில் வரவேண்டும். மறுபடி கட்டிப் பாருங்கள்.

சின்னக்கத்தரி
எதற்கு இவ்வளவு பாரம்பரியம்? இடுப்புக்குக் கீழே மட்டும் கட்டும் இந்தச் சின்ன கில்ட்டையே ஸ்காட்லாந்தின் இன்வர்கேரியில் இரும்பு உலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர்தான் உருவாக்கினார்.

பழையகை
அது 1785-ல் அச்சான ஒரு கடிதத்தை நம்பி எல்லோரும் திருப்பிச் சொல்லும் கதை. ராலின்சனுக்கு முன்பே அங்கே அப்படிக் கட்டவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

சின்னக்கத்தரி
கட்டினார்கள் என்பதற்கு நீங்கள் ஆதாரம் காட்டுங்கள்.

மலைக்காற்று
யார் உருவாக்கியிருந்தால் என்ன, ஸ்காட்லாந்து மலைநாட்டு உடைகளுக்கு எதிரான 1746 சட்டம் சின்ன கில்ட்டைப் பெயர் சொல்லியே தடை செய்தது. 1782 வரை தடை நீங்கவில்லை. அதைத் தாண்டி வந்த உடையைத் தைக்கும்போது கொஞ்சம் அக்கறை காட்டச் சொல்வதில் தவறில்லை.

ஊசிநூல்
கேட்டவர் எங்கே? என்ன துணி என்று இன்னும் சொல்லவில்லை.

கிளாஸ்கோவாசி
கம்பளிதான், அடிமடிப்பு இல்லை. இடுப்பெலும்பில்தான் கட்டியிருந்தேன். மேலே ஏற்றிக் கட்டினதும் முழங்கால் நடுவுக்கு வந்துவிட்டது, வெட்டவில்லை. ஆனால் இப்போது பக்கிள் கடைசி ஓட்டைக்கு எட்டவில்லை, அதை மட்டும் தள்ளித் தைக்கலாமா?

ஊசிநூல்
தாராளமாக. லைனிங்கோடு மட்டும் நிறுத்தாமல் உள்ளே இருக்கும் கேன்வாஸையும் பிடித்து, இரட்டை நூலில் தையுங்கள்.