பூளைப்பூச் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாமா?

ஈரோட்டு வாசல்: போகியன்று வீட்டுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூவோடு பூளைப்பூவும் வேண்டுமே என்று, அது பூக்கிற சிறுபீளைச் செடியை வாசலோரம் வைத்தேன். மண்புழு உரம் போட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். செடி தளதளவென்று இருக்கிறது, பூவைத்தான் காணோம். அடித்தண்டு வேறு கறுக்கிறது. மருந்து அடிக்கலாமா?

செங்காட்டான்: மருந்தெல்லாம் வேண்டாங்க, தண்ணீரை நிறுத்துங்கள். கறுப்பது அழுகல். இலையைத் தடவிப் பாருங்கள், வெள்ளையாகச் சுணை, அதாவது பொடி முடி, இருக்கும். வெயிலில் ஈரம் போகாமல் காப்பது அதுதான். ஆணிவேர் இறங்கிவிட்டால் தரிசில் தானே பிழைக்கிற செடி இது. சோறு போட்டு வளர்த்தால் இலைதான் வரும்.

கோவை மாடித்தோட்டம்: தம்பி, தரிசுக்குச் சரி. தொட்டியில் ஆணிவேர் எங்கே இறங்கும்? சித்திரையில் மொட்டைமாடித் தொட்டி அடுப்பு மாதிரி கொதிக்கும். நீங்கள் சொன்னபடி விட்டால் சருகுதான் மிஞ்சும்.

செங்காட்டான்: அக்கா, அவர் வைத்திருப்பது வாசல் மண்ணில்.

கோவை மாடித்தோட்டம்: படிக்கிறவர்கள் எல்லோருக்கும் வாசல் இருக்கிறதா?

கடலைக்காடு: எங்கள் காட்டில் கூலி கொடுத்துப் பிடுங்குகிற களைக்கு மண்புழு உரமா! பைபாஸ் ஓரம் போனால் கை நிறையக் கிடைக்குமே.

செங்காட்டான்: கிடைக்கும், களைக்கொல்லி அடிக்காத இடமாக இருந்தால். சந்தைக்கு வருகிற கட்டுகளைப் பாருங்கள், பல வேரோடு பிடுங்கியவை. வேரை முகர்ந்தால் சூட வாசம் அடிக்கும். விதை விழுவதற்கு முன்பே இப்படிப் பிடுங்கினால் அடுத்த வருசம் அந்த ஓரத்தில் என்ன முளைக்கும்? கத்தரியால் கிளையை மட்டும் வெட்டினால் அடி மறுபடி துளிர்க்கும்.

கடலைக்காடு: களைக்கு அவ்வளவு சீக்கிரம் பஞ்சம் வராதுங்க. அது கிடக்கட்டும், வளர்ந்த செடியைப் பிடுங்கி நடாதீர்கள், ஆணிவேர் அறுந்தால் போச்சு. காய்ந்த பூவைக் கசக்கினால் பஞ்சுக்குள் பொடிப்பொடியாகக் கறுப்பு விதை இருக்கும். மழைக்கு முன்னால் மண்ணின் மேலே தூவிவிடுங்கள், ஆழப் புதைக்க வேண்டாம்.

ஈரோட்டு வாசல்: சரி, தண்ணீரை நிறுத்துகிறேன். உரம்?

செங்காட்டான்: செம்மண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் போதும்.

கோவை மாடித்தோட்டம்: தொட்டிக்காரர்கள் அதை நம்பாதீர்கள். இரண்டு விரல் ஆழம் காய்ந்திருந்து, சாயங்காலமும் இலை துவண்டே கிடந்தால் ஊற்றுங்கள்.