பேட்டரியைக் கழட்டாம டிஸ்பிளே மாத்தலாம்னு சொல்றவங்க இங்க வந்து பதில் சொல்லுங்க

சால்டரிங்_சேகர் | இரவு 9:10

நேத்து சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ வந்துச்சு. உடைஞ்ச லேப்டாப் டிஸ்பிளேவை வீட்லயே கால் மணி நேரத்துல மாத்திடலாமாம். அதுவரைக்கும் சரி, நானும் ஒத்துக்கிறேன். அடுத்து சொல்றான் பாருங்க: "பேட்டரியைக் கழட்டணும்னு சொல்றதெல்லாம் கடைக்காரன் கிளப்பிவிட்ட பயம். ஷட்டவுன் பண்ணி, சார்ஜரை உருவிட்டு, பவர் பட்டனை 30 செகண்ட் அமுக்கிப் பிடிச்சா போதும்." கேட்டதும் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஏன்னா இன்னைக்குக் காலைல கடை ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு காலேஜ் பையன் லேப்டாப்பை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கிறான். புது பேனல், அவனே மாட்டியிருக்கான். ஃபேன் ஓடுது, திரை இருட்டு. செல்போன் டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சுப் பார்த்தா உள்ள படம் மங்கலா தெரியுது. பேக்லைட் (திரைக்குப் பின்னாடி இருக்கிற விளக்கு) ஃப்யூஸ் காலி. மதர்போர்டுல கடுகு சைஸ்ல இருக்கும் அது. அதை மாத்த நான் மைக்ரோஸ்கோப்புல குனியணும், அந்தப் பையன் இன்னும் 800 ரூபாய் அழணும்.

விஷயம் இதுதான். பல போர்டுல பேக்லைட் சப்ளை பேட்டரி லைன்ல இருந்து நேரா ஃப்யூஸ் வழியா வருது. நடுவுல சுவிட்சே கிடையாது. பேட்டரி மாட்டியிருக்கிற வரைக்கும் அந்த ஒயர்ல 11, 12 வோல்ட் உயிரோட நிக்கும். பவர் பட்டனை 30 செகண்ட் இல்ல, 30 நாள் அமுக்கினாலும் போகாது. கெபாசிட்டர்ல தேங்கினது வடியும், பேட்டரி வடியுமா? பேட்டரி கனெக்டரை முதல்ல உருவுங்க. அப்புறம் டிஸ்பிளே கேபிள்ல கை வைங்க.

மதுரைக்காரன்_78 | இரவு 9:31

கடை வச்சிருக்கிறவருக்கு எல்லாமே ஆபத்தாத்தான் தெரியும். நான் இதுவரை 6 லேப்டாப்புக்கு வீட்லயே டிஸ்பிளே மாத்தியிருக்கேன். என்னோடது, தங்கச்சியோடது, ஆபீஸ்ல நாலு. ஒண்ணுல கூட பேட்டரியைத் தொடல. ஆறும் இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

பேட்டரி உள்ள இருக்கிற மாடல்ல அதைக் கழட்ட அடிமூடியைத் திறக்கணும். பத்துப் பன்னெண்டு ஸ்க்ரூ. ரப்பர் காலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கிறது வேற. அப்புறம் சுத்திவர பிளாஸ்டிக் கிளிப். முதல் தடவை பண்றவர் நாலு கிளிப்பை ஒடிப்பார், பேட்டரி கனெக்டரை ஒயரைப் பிடிச்சு இழுத்து போர்டோட பிடுங்குவார். டிஸ்பிளேவுக்கு முன்பக்கச் சட்டத்தை நெம்பினா போதும், வேலை முடிஞ்சுது. தேவையில்லாம அடியைத் திறக்கச் சொல்றதுதான் ஆபத்து.

சால்டரிங்_சேகர் | இரவு 9:44

தம்பி, நீங்க ஆயுசுக்கு மாத்தினது ஆறு. நான் வாரத்துக்கு ஆறு மாத்துறேன், 14 வருஷமா. தப்பிச்ச கதையைத் திறமைன்னு சொல்லாதீங்க.

டிஸ்பிளே கேபிளோட 30 பின் கனெக்டர்ல 26ல இருந்து 29 வரைக்கும் பேக்லைட் சப்ளை. ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை மில்லிமீட்டர். பேனல் முதுகுல ஒட்டியிருக்கிற டேப்பைப் பிச்சு, பிளக்கை ஒரு ஓரம் முதல்ல, மறு ஓரம் அப்புறம்னு கோணலா உருவுறப்ப என்ன ஆகும்? கனெக்டரைச் சுத்தி இருக்கிற தகடு கிரவுண்ட், அதாவது பூஜ்ய வோல்ட் பக்கம். சப்ளை பின் அதுல ஒரு கணம் உரசினா போதும், ஃப்யூஸ் காலி. சத்தமும் வராது, புகையும் வராது. எல்லாத்தையும் மூடி ஆன் பண்ணும்போதுதான் தெரியும். பெரிய கம்பெனிங்க வெளியிடுற சர்வீஸ் மேனுவலைத் திறந்து பாருங்க. டிஸ்பிளே கழட்டுற பக்கத்துக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டச் சொல்ற பக்கம் இருக்கும். அவங்களும் கடைக்காரங்களா?

திருச்சி_தம்பி | இரவு 9:52

அண்ணே, நடுவுல ஒரு சந்தேகம். சார்ஜர் பின்னைக் கீபோர்டு மேல விட்டுட்டு லேப்டாப்பை மூடிட்டேன், டிஸ்பிளே சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டுருச்சு. 15.6 இன்ச், ரெசல்யூஷன் 1366க்கு 768. இப்ப மாத்தும்போதே 1920க்கு 1080 போட்டுடலாமா? அதே 30 பின்னா இருந்தா சேருமா?

மதுரைக்காரன்_78 | இரவு 10:03

முதல்ல என்னைத் தம்பின்னு கூப்பிடாதீங்க. எனக்கு 46 வயசு.

பின் நம்பர் சொன்னா நாங்க மிரண்டுடுவோம்னு நினைச்சீங்களா? அதே 30 பின்ல 24ம் 25ம் காலி. ஒயரே கிடையாது. சப்ளைக்கும் பக்கத்து சிக்னலுக்கும் நடுவுல எதுக்கு ரெண்டு பின்னைக் காலியா விட்டிருக்காங்க? உரசக் கூடாதுன்னுதானே? டிசைன் பண்ணவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்.

ஷட்டவுன் பண்ணா ஆஃப். ஆஃப்னா ஆஃப். இதுக்கு மேல என்ன?

கலைவாணி_ஈரோடு | இரவு 10:11

ரெண்டு பேரும் "ஆஃப்"னு எதைச் சொல்றீங்கன்னு முதல்ல சொல்லுங்க. மூடியை மூடினா ஸ்லீப். விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தா ஷட்டவுனே பாதி ஹைபர்னேட் (நினைவுல இருக்கிறதை டிஸ்க்ல எழுதி வச்சுட்டு அணையுறது) மாதிரிதான். திரையில வெளிச்சம் இல்லைங்கிறது ஒண்ணு, கேபிள்ல வோல்டேஜ் இல்லைங்கிறது வேற. இதைப் பிரிச்சுப் பேசாம விடிய விடிய பேசினாலும் முடியாது.

சால்டரிங்_சேகர் | இரவு 10:19

மதுரைக்காரன் சார் (இப்ப சந்தோஷமா?), அந்த ரெண்டு காலி பின்னும் நேரா சொருகினா காப்பாத்தும். நான் பேசுறது கோணலா சொருகுறதைப் பத்தி. வீட்ல முதல் தடவை மாத்துறவங்க நேராவா சொருகுவாங்க? பேனல் கீபோர்டு மேல கவுந்து கிடக்கும், ஒரு கையில பேனல், ஒரு கையில கேபிள், வாயில ஸ்க்ரூடிரைவர்.

பேசினது போதும்னு இப்பவே அளந்துட்டேன். டேபிள்ல இருக்கிற ஒரு மெஷின். ஷட்டவுன், சார்ஜர் இல்ல, பவர் பட்டனை முழுசா ஒரு நிமிஷம் அமுக்கினேன். டிஸ்பிளே கேபிளை உருவி மல்டிமீட்டரோட கறுப்பு முனையை ஹிஞ்ச் ஸ்க்ரூவுல வச்சு, சிவப்பு முனையை 26வது பின்ல தொட்டேன். 11.62 வோல்ட். பேட்டரியை உருவினதும் 0. இதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல இருக்கா?

மதுரைக்காரன்_78 | இரவு 10:47

இருக்கு. நானும் அளந்துட்டேன். என் சொந்த லேப்டாப். பேட்டரி உள்ளயே இருக்கு. ஷட்டவுன், சார்ஜர் இல்ல, 30 செகண்ட் பவர் பட்டன். கேபிள்ல 26, 27, 28, 29 நாலுலயும் வச்சுப் பார்த்தேன். பூஜ்யம். திரும்பவும் சொல்றேன், பூஜ்யம். சுவிட்சே கிடையாதுன்னு சத்தியம் பண்ணாத குறையா எழுதினீங்களே, என் போர்டுல இருக்கிற சுவிட்ச் எங்கிருந்து வந்துச்சு?

நெய்வேலி_நண்பன் | இரவு 10:55

லெனோவா திங்க்பேட்ல பயாஸுக்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற செட்டிங்ஸ்) போனா உள் பேட்டரியை முடக்கி வைக்கிற வசதி இருக்கு. அதைக் கொடுத்தா மெஷின் தானா அணைஞ்சிடும், திரும்ப சார்ஜர் சொருகுற வரைக்கும் பேட்டரி வேலை செய்யாது. அடிமூடியைத் திறக்கவே வேணாம். பழைய மாடல்ல தாழ்ப்பாளைத் தள்ளினா பேட்டரி கையோட வந்துடும், அதுக்குச் சண்டையே இல்ல.

சால்டரிங்_சேகர் | இரவு 11:02

நெய்வேலி, எல்லார் வீட்லயும் திங்க்பேடா இருக்கு? கடைக்கு வர்றதுல பாதி ஸ்கூல், காலேஜ் பசங்க வாங்கின சாதா மெஷின். அதுல பயாஸ்ல நேரத்தை மாத்தலாம், அவ்வளவுதான்.

மதுரைக்காரன் சார், பூஜ்யம் வந்துச்சுன்னா உங்க புரோப், அதான் மீட்டர் முனை, பின்ல படவே இல்ல. அரை மில்லிமீட்டர் இடைவெளியில சாதாரண புரோப் முனை உள்ளயே போகாது. நான் தையல் ஊசியை வாயில கிளிப் பண்ணி அளக்குறவன். அதாவது மீட்டர் முனையோட வாயில. யாரும் இதை எடுத்துப் போட்டு வேற பேச வேணாம். நான் "பல போர்டுல"ன்னுதான் எழுதினேன், மேல போய்ப் படிங்க. உங்க மாடல் எப்படின்னு வீட்ல மாத்துறவருக்கு எப்படித் தெரியும்? தெரியாதப்ப பேட்டரியைக் கழட்டு. இதை ஏன் மண்டைல ஏத்திக்க மாட்டேங்கிறீங்க?

மவுண்ட்ரோடு_மணி | இரவு 11:09

அது இருக்கட்டும், பேனல் எவ்வளவுக்கு வாங்குறீங்க? மேல அந்தப் பையன் பாவம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்ல 15.6 இன்ச் சாதா பேனல் நான் 2,700க்கு வாங்கினேன். சேகர் கடைல போன வருஷம் என் மச்சானுக்கு 4,500 போட்டாரு. பேட்டரியைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி இதுக்குப் பதில் சொல்லட்டும்.

சால்டரிங்_சேகர் | இரவு 11:16

உங்க மச்சானுக்குப் போட்டது புது பேனல், பில்லோட, ஆறு மாச வாரண்டியோட. முதுகுல ஸ்டிக்கர் கிழியாம, மேல பாதுகாப்புத் தாளோட வந்தது. நீங்க வாங்கின 2,700 பழைய மெஷின்ல இருந்து கழட்டினதா இருக்கும். வெள்ளை ஸ்க்ரீன் போட்டுப் பாருங்க, ஓரத்துல விரல் அழுத்தின மாதிரி வெளிச்சத் திட்டு நிக்குதா இல்லையா? ஆறு மாசத்துல ரெண்டு செத்த பிக்சல் வந்தா யார்கிட்ட போவீங்க? உழைச்சுச் சாப்பிடுறேன். விலையை வச்சு என் மானத்தை வாங்காதீங்க.

திருச்சி_தம்பி | இரவு 11:20

அண்ணே, என் கேள்விக்கு யாராவது...

கலைவாணி_ஈரோடு | இரவு 11:28

தம்பி, நான் சொல்றேன். பேனலைக் கழட்டி முதுகுல இருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க, மாடல் நம்பர் அதுலதான் இருக்கும். கடைல லேப்டாப் பேரைச் சொல்லிக் கேட்காதீங்க, அந்த நம்பரைச் சொல்லிக் கேளுங்க. ஒரே லேப்டாப் மாடல்ல ரெண்டு மூணு விதமான பேனல் வந்திருக்கும்.

1920 போடுறதுக்கு 30 பின் சேர்ந்தா மட்டும் போதாது. 1366 பேனலுக்கு ஒரு லேன் (படத்தோட டேட்டா போற ஒயர் ஜோடி) போதும்ங்கிறதால பல கேபிள்ல ஒரு லேனுக்குத்தான் ஒயர் இருக்கும். 1920க்கு ரெண்டு லேன் வேணும். கேபிளையும் மாத்த வேண்டி வரலாம். 40 பின்னுன்னா பெரும்பாலும் தொடுதிரை, இல்ல 120, 144 ஹெர்ட்ஸ் சமாச்சாரம், அது உங்களுக்கு வேணாம். பேனலோட காது பார்த்து வாங்குங்க. சிலதுக்கு மேலும் கீழும் ஸ்க்ரூ போடுற தகடு இருக்கும். புது மாடல்ல தகடே இல்ல, அடியில இழுக்கிற ஒட்டுப்பட்டைதான். அதை மெதுவா இழுக்கணும், அறுந்துச்சுன்னா பேனல் வராது.

மதுரைக்காரன்_78 | இரவு 11:35

கலைவாணி மேடம் இவ்வளவு எழுதினாங்க, பேட்டரியைக் கழட்டச் சொன்னாங்களா? பாருங்க.

கலைவாணி_ஈரோடு | இரவு 11:37

நான் அதைப் பத்தியே எழுதல சார். என் பேரை உங்க பக்கம் சேர்க்காதீங்க.

மதுரைக்காரன்_78 | இரவு 11:49

சேகருக்கு எப்பவும் தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்தான். போன தீபாவளிக்கு முன்னாடி தெர்மல் பேஸ்ட் விவாதத்துலயும் இப்படித்தான், நான் சொன்னதைக் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. ரெண்டு மாசம் கழிச்சு அதையே தன்னோட அனுபவம்னு எழுதினார். மறக்கல நான். என் புரோப் பின்ல பட்டுச்சு. ஊசி முனை புரோப்தான் என்கிட்டயும் இருக்கு. ஊசி உங்க ஊர்ல மட்டும்தான் விக்கிதா?

சால்டரிங்_சேகர் | இரவு 11:58

தெர்மல் பேஸ்ட்டை இங்க இழுக்காதீங்க. அதுல நான் சொன்னது வேற, நீங்க புரிஞ்சுக்கிட்டது வேற.

ஒரே ஒரு கேள்வி. 26வது பின்ல வச்சேன்னு சொல்றீங்களே, எந்தப் பக்கத்துல இருந்து எண்ணினீங்க?

மதுரைக்காரன்_78 | நள்ளிரவு 12:04

இடது பக்கத்துல இருந்து. ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும்.

சால்டரிங்_சேகர் | நள்ளிரவு 12:06

கேபிளைத் திருப்பிப் பிடிச்சா இடது எது? நீங்க 26ன்னு வச்சது ஐந்தாவது பின், அது கிரவுண்ட். அதுல பூஜ்யம் வராம என்ன வரும்? காலைல கடை திறந்ததும் பிளக்கைப் படம் எடுத்து, ஒண்ணாவது பின் எங்க இருக்குன்னு அம்பு போட்டு இங்க போடுறேன்.

மதுரைக்காரன்_78 | நள்ளிரவு 12:11

போடுங்க. நானும் என்னோடதைப் படம் எடுத்துப் போடுறேன். பேட்டரி மாட்டியிருக்கிறதும் தெரியிற மாதிரி.