ஐயா கார் இண்டிகேட்டர்: எங்க வீட்டு வாட்ஸ்அப் குழு (எங்க பக்கத்துல அப்பச்சி அப்பா, ஆத்தா அம்மா, ஆச்சி அக்கா, ஐயா தாத்தா, அம்மான் தாய்மாமன்)

வியாழன்

அப்பச்சி, காலை 7:12
அம்பாசிடர் இண்டிகேட்டருக்கு நேத்து எல்இடி பல்பு நாலு மாத்தினேன். எரியுது, ஆனா மினுக்க மாட்டேங்குது. சுவிட்சப் போட்டா அப்படியே நின்னு எரியுது. நாளைக்குக் கண்டனூர்ல முன்னோருக்குப் படைப்பு, இந்த வண்டியிலதான் போகணும்.

ஆத்தா, 7:15
திரும்பி வர ராத்திரி ஆயிரும். புதுவயல் ரோட்டுல அரிசி ஆலை லாரியா வரும். இண்டிகேட்டர் இல்லாம நான் ஏற மாட்டேன்.

தேவகோட்டை அண்ணன், 7:21
பல்பு மட்டமா இருக்கும். கடையில திருப்பிக் குடுத்துருங்க சித்தப்பா.

காரைக்குடி அம்மான், 7:34
பல்பு மேல தப்பு இல்ல அப்பு. அத்தான், டேஷ்போர்டுக்கு அடியில விளக்க மினுக்க வைக்கிற ஃப்ளாஷர் இருக்கும். உருண்டை டின்னா?

அப்பச்சி, 7:41
📷 போட்டோ
ஆமா மச்சான், ஐயா காலத்து டின். டிக் டிக் சத்தமும் இல்ல.

காரைக்குடி அம்மான், 7:50
அதுதான். அந்த டின்னுக்குள்ள பல்புக்குப் போற கரண்ட்டுலயே சூடாகுற தகடு இருக்கு. சூடானா வளைஞ்சு கரண்ட்ட வெட்டும், ஆறினா திரும்பச் சேர்க்கும். பழைய பல்பு ஒண்ணு 21 வாட், ஒரு பக்கத்துக்கு ரெண்டுன்னா மூணரை ஆம்பியர் ஓடும். எல்இடி ஒண்ணு 3 வாட்டுன்னு வைங்க, ரெண்டுக்கும் சேர்த்து அரை ஆம்பியர்தான். தகடு எப்படிச் சூடாகும்?

இடது பக்கம் மட்டும் பழைய பல்பு ரெண்டையும் மாட்டிப் பாருங்க.

அப்பச்சி, 8:16
மாட்டினேன். இடது பக்கம் ஒழுங்கா அடிக்குது! வலது பக்கம் எல்இடி நின்னுதான் எரியுது.

காரைக்குடி அம்மான், 8:18
அப்ப வயரு, சுவிட்சு எல்லாம் நல்லாருக்கு. ஃப்ளாஷர மாத்தினாப் போதும்.

தேவகோட்டை அண்ணன், 8:25
அம்மான், பழைய பல்பு மாதிரி கரண்ட்ட இழுக்குற ரெசிஸ்டர் போட்டாலும் அடிக்கும்ல? 6 ஓம் 50 வாட்டுன்னு விக்கிறாங்க.

காரைக்குடி அம்மான், 8:33
அடிக்கும். ஆனா வேணவே வேணாம். 12 வோல்ட்டுல அது 24 வாட்ட வெறும் சூடாக்கித் தள்ளும், கை வைக்க முடியாது. இரும்புல இறுக்கி வைக்காம பழைய வயரு பக்கத்துல தொங்க விட்டா வயரே உருகிப்போகும். எல்இடிக்குன்னே எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் இருக்கு, அது சூட்ட நம்பி ஓடாது. அதை வாங்குங்க.

ஒரு விசயம். பழைய டின்ல மூணாவது பின் ‘பி’, டேஷ்போர்டு சின்ன விளக்குக்குப் போகும். புதுசுல பெரும்பாலும் மூணாவது பின் ‘இ’, அதாவது எர்த். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எழுத்தப் பார்க்காம மாட்டிராதீங்க.

அப்பச்சி, மாலை 4:47
எலக்ட்ரிசியன் தம்பி இடது பக்கமும் எல்இடியத் திரும்ப மாட்டி, புது ஃப்ளாஷர் போட்டுட்டுப் போனார். இப்ப இடது பக்கம் போட்டா நாலு விளக்கும் அடிக்குது! வலது போட்டாலும் அப்படித்தான்.

பள்ளத்தூர் ஆச்சி, 4:52
பின்னால வர்றவன் குழம்பிப் போவான் அப்பச்சி. இப்படியே எடுத்துட்டுப் போகாதீங்க.

காரைக்குடி அம்மான், 5:05
அத்தான், ‘பி’ வயருல இருந்த சின்ன விளக்க எங்க சேர்த்தார்?

அப்பச்சி, 5:20
ஒரு முனை இடது வயரு, இன்னொரு முனை வலது வயரு.

காரைக்குடி அம்மான், 5:28
அந்த வழியாத்தான் கரண்ட்டு அடுத்த பக்கம் போகுது. பழைய பல்பா இருந்தா அந்தக் கொஞ்சூண்டு கரண்ட்டுக்கு எரியாது. எல்இடிக்கு அதுவே போதும்.

1என்4007 டயோடு ரெண்டு வாங்குங்க, அது கரண்ட்ட ஒரு திசையில மட்டும்தான் விடும். ரேடியோ ரிப்பேர் கடையிலயே கிடைக்கும். ஒண்ணு இடது வயருல, ஒண்ணு வலது வயருல. வெள்ளிக்கோடு போட்ட முனை ரெண்டையும் சேர்த்து சின்ன விளக்குக்குக் குடுங்க, விளக்கோட அடுத்த முனை எர்த்து. வேலைக்கு முன்னால பேட்டரி வயரக் கழட்டிருங்க. நான் ஆறரைக்கு வந்துர்றேன், தனியாப் பண்ணாதீங்க.

அப்பச்சி, இரவு 8:10
🎥 வீடியோ
முடிஞ்சது. இடதுன்னா இடது, வலதுன்னா வலது. மச்சான் கைராசி.

நான், 8:14
பத்து விநாடிக்குப் பதினஞ்சு தடவை அடிக்குது, எண்ணிப் பார்த்தேன். நிமிசத்துக்கு 90. 60லேர்ந்து 120க்குள்ள இருந்தாச் சரி. ஆனா அப்பச்சி, பின்னால நெறம் வெளிறித் தெரியுதே?

காரைக்குடி அம்மான், 8:19
நல்லாக் கவனிச்சே. அது வெள்ளை எல்இடி. ஆரஞ்சு கண்ணாடிக்குள்ள ஆரஞ்சு எல்இடிதான் போடணும், இல்லன்னா உச்சி வெயில்ல சரியாத் தெரியாது. காலையில கடை தொறந்ததும் மாத்திருவோம்.

வெள்ளி

ஆத்தா, காலை 10:40
மாத்தியாச்சு. வெயில்லயும் பளிச்சுன்னு தெரியுது, முகப்புல நின்னு பார்த்தேன்.

காரைக்குடி அம்மான், 10:48
பழைய டின்னும் பழைய பல்பு நாலும் டிக்கியில இருக்கட்டும். வழியில புதுசு நின்னுருச்சுன்னா மாட்டிக்கலாம். ஆனா மூணாவது பின்ல இப்ப எர்த் வயரு இருக்கு, அதைக் கழட்டி டேப் சுத்திட்டுத்தான் பழைய டின்ன மாட்டணும். இல்லன்னா ஷார்ட் ஆயிரும்.

அப்பச்சி, 10:55
சரி மச்சான். அதையும் சீட்டுல எழுதி டின்னோட கட்டி வச்சுட்டேன்.